கம்பத்து உச்சியில் ஒரு கண்ணாடிக் குமிழ்: ஹெமிங்ரே இன்சுலேட்டர்கள் பற்றி வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்காவின் பழைய தந்தி, தொலைபேசிக் கம்பங்களில் இருந்த கண்ணாடி இன்சுலேட்டர்களைப் பற்றி, அதாவது கம்பியைத் தாங்கி மின்கசிவைத் தடுக்கும் குமிழ்களைப் பற்றி, எழுதியதும் கேள்விகள் நிறைய வந்தன. பாதிக்கு மேல் அவற்றைச் செய்த ஹெமிங்ரே நிறுவனத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: ஓஹையோவில் ஒரு பழம்பொருள் கடையில் நீலப்பச்சைக் கண்ணாடிக் குமிழ் ஒன்று வாங்கினேன். தேன்கூடு போல அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு பக்கம் ‘எச். ஜி. கோ.’, மறுபக்கம் ‘பெட்டிகோட்’ என்று எழுத்து புடைத்திருக்கிறது. யார் செய்தது, எதற்குப் பயன்பட்டது?

ப: ‘எச். ஜி. கோ.’ என்பது ஹெமிங்ரே கிளாஸ் கம்பெனி. உங்களிடம் உள்ள வடிவத்தைச் சேகரிப்பாளர்கள் அதன் தோற்றத்தை வைத்தே ‘தேனடை’ என்கிறார்கள். சேகரிப்பாளர்கள் தரும் வடிவ எண் சி.டி. (கன்சாலிடேட்டட் டிசைன்) 145. ‘பெட்டிகோட்’ என்றால் நேராகவே பாவாடைதான். குமிழைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளிச்சுவருக்குள் இன்னொரு சுவர் இருக்கும். அந்த உட்சுவரும் வெளிச்சுவரும் சேர்ந்ததுதான் இரட்டைப் பாவாடை.

அது ஏன் வந்தது என்பதற்குத் தந்தியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடியது. வெறும் கம்பி ஈரமான மரக்கம்பத்தைத் தொட்டால் மின்சாரம் கம்பம் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஒரு கம்பத்தில் கசிவது கொஞ்சம்தான். மைலுக்கு முப்பது, நாற்பது கம்பம் என்று நூறு மைல் தாண்டும்போது மறுமுனைக் கருவியைத் தட்ட மின்னோட்டம் மிஞ்சாது. கண்ணாடி மின்சாரத்தைத் தன் வழியே விடாது. ஆனால் நனைந்த கண்ணாடியின் மேற்பரப்பில் படியும் நீர்ப்படலம் விடும். பாவாடை வைத்தால் கம்பிக்கும் குமிழைத் தாங்கும் மரமுளைக்கும் இடையே மேற்பரப்பு வழி நீளும், அதில் ஒரு பகுதி மழை படாமல் உலர்ந்தும் இருக்கும். இரண்டு பாவாடை என்றால் அந்த உலர்ந்த வழி இன்னும் நீளம்.

முதல் இருபது ஆண்டுகளின் குமிழ்களுக்கு உள்ளே மரை, அதாவது திருகுவதற்கான சுருள் பள்ளம், கிடையாது. தார் தோய்த்த துணியைச் சுற்றி மரமுளையில் அமுக்கி வைப்பார்கள். காற்றில் கம்பி ஆடினாலோ, பள்ளத்தில் நிற்கும் கம்பத்தில் கம்பி மேல்நோக்கி இழுத்தாலோ குமிழ் கழன்று வந்துவிடும். 1865 ஜூலை 25 அன்று லூயி கோவே என்பவர், குமிழுக்குள்ளும் முளையிலும் மரை வைத்துத் திருகும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வந்த தந்திக் குமிழ்கள் எல்லாம் அந்த மரையின் வாரிசுகள். தந்திக்கான முளை 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 4 மரை என்று நிலைத்தது.

ஹெமிங்ரேயின் கதை 1848-இல் சின்சினாட்டியில் தொடங்குகிறது. ராபர்ட் ஹெமிங்ரேயும் ரால்ஃப் கிரேயும் கூட்டாளிகள். சில ஆண்டுகளில் தொழிற்சாலை ஓஹையோ ஆற்றைத் தாண்டி கென்டக்கியின் கோவிங்டனுக்குப் போனது. குவளை, சாடி, விளக்குக் கண்ணாடி என்று எல்லாம் செய்த இடம் அது. மரை வைத்த இன்சுலேட்டரை அழுத்தி வார்க்கும் முறைக்கு 1871 டிசம்பர் 19 அன்று ராபர்ட் ஹெமிங்ரே காப்புரிமை பெற்றார். 1880களில் இண்டியானாவின் கிழக்குப் பகுதியில் இயற்கை எரிவாயு பொங்கியது. கண்ணாடி உலைக்கு எரிபொருள்தான் பெருஞ்செலவு என்பதால் கண்ணாடிக்காரர்கள் அங்கே படையெடுத்தார்கள். கண்ணாடிச் சாடிகள் செய்த பால் (Ball) சகோதரர்கள் 1887-இல் மன்சி நகரத்துக்கு வந்தார்கள். ஹெமிங்ரேயின் மன்சி ஆலை 1888-இல் வந்தது. பெரும்பாலான குமிழ்கள் அந்த மன்சி ஆலையில் பிறந்தவைதான். 1933-இல் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் நிறுவனம் இதை வாங்கியது. பிறகும் ஹெமிங்ரே என்ற பெயரிலேயே குமிழ்கள் வந்தன. கம்பிகள் கேபிளுக்குள்ளும் மண்ணுக்கடியிலும் போய்விட்ட 1960களில் உற்பத்தி முடிந்தது.

கே: என் குமிழில் ‘பேட்டன்ட் மே 2 1893’ என்று இருக்கிறது. அப்படியானால் இதற்கு 130 வயது என்று சொல்லலாமா? விற்றவர் அப்படித்தான் சொன்னார்.

ப: சொல்லக்கூடாது. அது காப்புரிமை பெற்ற தேதி. அந்த வரியைச் செதுக்கிய அச்சு தேயும்வரை ஓடும், புதிய அச்சிலும் அதே வரியைச் செதுக்குவார்கள். அதனால் 1893-க்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்து வார்த்த குமிழிலும் அந்தத் தேதி இருக்கும். அந்த நாளுக்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது என்பது மட்டுமே அதிலிருந்து கிடைக்கும் உறுதியான தகவல். இந்தத் துறையில் புதியவர்கள் ஏமாறும் முதல் இடம் இது. விற்பவர்களில் பலர் தெரியாமலேதான் அப்படிச் சொல்கிறார்கள்.

அந்தக் காப்புரிமை எதற்கு என்று தெரிந்துகொண்டால் குமிழின் அருமை கூடும். அடி விளிம்பை விரலால் தடவுங்கள். வரிசையாகச் சிறு முனைகள் இருக்கும். அவைதான் சொட்டு முனைகள். வழுவழுப்பான விளிம்பில் மழைநீர் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாகவும் ஏறிப் படரும். முனைகள் இருந்தால் நீர் முனைக்கு இறங்கி, துளியாகத் திரண்டு விழுந்துவிடும். உட்பாவாடை உலர்ந்து நிற்கும்.

முனைகளின் வடிவம் காலத்தையும் காட்டும். தொடக்கத்தில் அவை கூர்மையாக இருந்தன. பெட்டியில் ஒன்றோடொன்று உரசினாலே அந்தக் கூர் பொரிந்துவிடும். பின்னால் உருண்டை முனைகள் வந்தன. அதற்கும் பின்னால் முனைகளே போய், விளிம்பில் சிறு சிறு வரிப்பள்ளங்கள் மட்டும் இருந்தன. கூர் முனை, உருண்டை முனை, வரி விளிம்பு என்பதுதான் பொதுவான வரிசை. கூர்முனைக் குமிழ் ஒன்றில் எல்லா முனைகளும் முழுதாக இருப்பது அரிது. வாங்கும்போது ஒவ்வொரு முனையாக எண்ணிப் பாருங்கள். யாரோ உடைந்த முனையை அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தால் அந்த இடம் பளபளப்பின்றி மங்கித் தெரியும்.

கே: ‘ஹெமிங்ரே-42’ என்ற குமிழின் பின்பக்கம் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்பதற்குக் கீழே ‘22-45’ என்று போட்டு நான்கு புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். இது என்ன கணக்கு?

ப: முதல் எண் அச்சின் எண். இரண்டாவது, அச்சு செய்த ஆண்டு. புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஆண்டைக் கூட்டும். 45-உடன் நான்கு சேர்த்தால் 1949. அச்சு புதிதாகச் செய்யாமல் ஆண்டுக்கு ஒரு புள்ளி குத்திக்கொண்டே வந்ததால் இப்படி ஒரு நாட்காட்டி கிடைத்திருக்கிறது. இந்த முறை பிற்காலக் குமிழ்களில்தான். பழையவற்றில் தேடினால் கிடைக்காது. தேய்ந்த அச்சில் ஒரு புள்ளி மங்கிப்போயிருக்கும், ஆகவே சாய்வான வெளிச்சத்தில் பார்த்து எண்ணுங்கள்.

42 என்பது ஹெமிங்ரேயின் பொருள் எண். சேகரிப்பாளர்கள் பொது எண்ணாக வைத்திருப்பது சி.டி. 154. அமெரிக்காவில் எந்தப் பழம்பொருள் சந்தைக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். நீலப்பச்சையிலோ தெளிவான கண்ணாடியிலோ இருந்தால் சில டாலர்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கே: சி.டி. எண் என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அந்த எண் வடிவத்துக்கு மட்டும் உரியது. எழுத்தும் நிறமும் கணக்கில் வராது. இரண்டு நிறுவனங்கள் ஒரே வடிவத்தில் செய்தால் இரண்டுக்கும் ஒரே எண். பார்க்க வேண்டியவை: உயரம், அடி விட்டம், உச்சி கூரா உருண்டையா தட்டையா, கம்பி கட்டும் பள்ளம் உச்சிக்கு எவ்வளவு கீழே, பாவாடை ஒற்றையா இரட்டையா, உள்ளே மரை உண்டா. மரை இல்லாதவை 700-இல் தொடங்கும் எண்களில் வரும். அழுத்தி வார்த்த பொருள் என்பதால் உயரத்தில் சிறு வித்தியாசம் இயல்பு. கண்ணாடிக் குழம்பு குறைவாக ஊற்றியிருந்தால் பாவாடை குட்டையாக இருக்கும். அதைத் தனி வடிவம் என்று நினைக்க வேண்டாம்.

கே: ‘டபிள்யூ. புரூக்ஃபீல்டு, 55 ஃபுல்டன் ஸ்ட்ரீட், என்.ஒய்.’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே காற்றுக் குமிழி, கறுப்புப் பொட்டு, அம்பர் நிறத்தில் ஒரு வரி. இது கழிவா? ஹெமிங்ரேயோடு ஒப்பிட்டால் மட்டமாகத் தெரிகிறது.

ப: புரூக்ஃபீல்டு ஹெமிங்ரேக்குப் போட்டியாளர். கோவேயின் காப்புரிமை அவர்கள் கைக்கு வந்தது, சில குமிழ்களில் ‘கோவேஸ் பேட். ஜூலை 25 1865’ என்றே போட்டிருப்பார்கள். ஃபுல்டன் தெரு முகவரி மன்ஹாட்டனில் இருந்த விற்பனை அலுவலகம். உலை புரூக்ளினின் புஷ்விக்கில். அலுவலகம் இடம் மாறியபோதெல்லாம் முகவரியையும் மாற்றிச் செதுக்கியதால் அதுவே காலம் காட்டுகிறது. 55 ஃபுல்டன் தெரு ஏறத்தாழ 1868 முதல் 1882 வரை. அடுத்தது 45 கிளிஃப் தெரு, 1890 வரை. பிறகு 83 ஃபுல்டன் தெரு, 1897 வரை. எழுத்தைப் பார்த்தே பத்துப் பதினைந்து ஆண்டு எல்லைக்குள் வந்துவிடலாம். இந்த வசதி ஹெமிங்ரேயில் கிடையாது.

கண்ணாடியைப் பொறுத்தவரை, தந்திக் கம்பெனிக்கு அழகு தேவைப்படவில்லை. உடைந்த புட்டி, சன்னல் கண்ணாடி என்று கிடைத்த உடைசலையெல்லாம் உலையில் போட்டார்கள். முன்பு அந்த உலைப் பானையில் இருந்த வேறு நிறக் கண்ணாடி முழுதும் கரையாமல் நின்றால் அம்பர் வரி. குழம்பு தெளியும் முன்பே அள்ளினால் குமிழி. கறுப்புப் பொட்டு பெரும்பாலும் உலைச் சுவரிலிருந்தோ இரும்புக் கருவியிலிருந்தோ விழுந்தது. அச்சு சூடேறும் முன் வார்த்தால் தோல் சுருங்கியது போல அலைகள் வரும். இவையெல்லாம் அந்தக் காலத்து வேலையின் தடயங்கள்; அம்பர் வரி ஓடும் புரூக்ஃபீல்டைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உள்ளே உருகாத கல் ஒன்று இருந்து அதைச் சுற்றி மெல்லிய விரிசல் வட்டம் தெரிந்தால், அந்தக் கல்லும் கண்ணாடியும் வெவ்வேறு அளவில் சுருங்கி அங்கே இழுவிசை நிற்கிறது என்று பொருள். அதை வெந்நீரில் போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

கே: ஊதா நிறக் குமிழ்கள் விலை அதிகம் என்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒருவர் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குமிழ்களை விற்கிறார். நிஜமா, சாயமா என்று எப்படி அறிவது?

ப: முதலில் நிஜ ஊதா எப்படி வருகிறது என்று பார்ப்போம். மணலில் எப்போதும் கொஞ்சம் இரும்பு இருக்கும். அதுதான் கண்ணாடிக்கு நீலப்பச்சை தருகிறது. சந்தையில் பெரும்பாலும் அந்த நிறமே இருப்பதற்குக் காரணம் இதுதான். தெளிவான கண்ணாடி வேண்டும் என்றால் அந்தப் பச்சையை அடக்க மாங்கனீசு சேர்ப்பார்கள். மாங்கனீசு சேர்த்த கண்ணாடி பல ஆண்டுகள் வெயிலில் நின்றால், புற ஊதாக் கதிர் மாங்கனீசின் நிலையை மாற்றி ஊதா தருகிறது. ஆகவே மாங்கனீசு சேர்த்த ஆலைகளின் குமிழ்கள்தான் ஊதாவாகும். டென்வரில் இருந்த ‘டபிள்யூ.ஜி.எம். கோ.’ (வெஸ்டர்ன் கிளாஸ் மேனுஃபாக்சரிங் கம்பெனி), 1912 முதல் 1916 வரை லாங் பீச்சில் இயங்கிய கலிஃபோர்னியா கிளாஸ் இன்சுலேட்டர் கம்பெனி ஆகியவை இதில் பெயர் பெற்றவை. மேற்கின் கடும் வெயிலும் கைகொடுத்தது. சாதாரண நீலப்பச்சைக் குமிழை மொட்டைமாடியில் பத்து வருடம் வைத்தாலும் ஊதா வராது. மாங்கனீசுக்குப் பதில் செலினியம் சேர்த்த கண்ணாடியாக இருந்தால் வெயிலில் மங்கிய வைக்கோல் நிறம் எடுக்கும்.

இப்போது போலிக்கு வருவோம். காமாக் கதிரில் வைத்தால் சில மணி நேரத்தில் அடர்ந்த ஊதாவும், பழுப்பு கலந்த ஊதாவும் வந்துவிடும். வெயில் தந்த ஊதாவுக்கும் கதிர் தந்த ஊதாவுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் வீட்டில் செய்யும் எந்த ஒற்றைச் சோதனையும் போதாது. சூடாக்கினால் நிறம் போகும் என்பார்கள். இரண்டிலும்தான் போகும், குமிழும் வெடிக்கலாம். கறுப்பு விளக்கில் (புற ஊதா விளக்கில்) மாங்கனீசு பச்சையாக மின்னும்; அது மாங்கனீசு இருப்பதை மட்டும் சொல்லும். ஆகவே அந்த வடிவமும் அந்த எழுத்தும் ஊதாவில் வந்ததாகப் பதிவு உண்டா என்பதைத்தான் முதலில் கேளுங்கள். ஊதாவே வராத ஒரு வடிவம் திடீரென்று கருஞ்சிவப்பில் பத்துப் பன்னிரண்டு வந்து நின்றால், வேறு கேள்வி தேவையில்லை. நீங்கள் சொல்லும் கடையில் எல்லாமே ஒரே அளவு அடர்த்தியில் இருந்தால் விலகிவிடுங்கள். வெயிலில் நின்றவை ஒன்றுக்கொன்று கூடக் குறைய இருக்கும்.

சாயம் பூசியவை வேறு வகை. மரைக்குள்ளே பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பஞ்சில் ஒட்டும். பொரிந்த இடத்தில் கண்ணாடியின் அசல் நிறம் தெரியும்.

கே: ரயில் பாதை ஓரத்துக் குமிழ். கரி படிந்து கறுப்பாக இருக்கிறது. சோப்புக்கு அசையவில்லை. எதைப் போட்டுத் தேய்ப்பது?

ப: தேய்க்காமல் ஊறப்போடுங்கள். ரயில் கரியில் இரும்புத் துகள் நிறைய உண்டு. அது துருப்பிடித்துக் கரியைக் கண்ணாடியோடு பிடித்து வைத்திருக்கிறது. துருவை விடுவிக்க ஆக்ஸாலிக் அமிலம் போதும்.

முதலில் மரைக்குள் ஒட்டியிருக்கும் மரத்தூளை மூங்கில் குச்சியால் எடுங்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுங்கள். பிசுக்கு இருந்தால் அமிலம் உள்ளே போகாது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீர் எடுத்து, 240 கிராம் ஆக்ஸாலிக் தூளை நீரில் மெல்லத் தூவிக் கலக்குங்கள். தூள் மூக்கில் ஏறக்கூடாது, அது விஷம். கையுறை, கண் காக்கும் கண்ணாடி, முகமூடி மூன்றும் வேண்டும். இரும்பு வாளி வேண்டாம், வாளியே கரையும். குமிழ்களை ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து மூடி, குழந்தைகளும் விலங்குகளும் அண்டாத இடத்தில் இரண்டு முதல் ஐந்து நாள் விடுங்கள். கரைசல் மஞ்சளாகிப் பச்சையாவது இரும்பு இறங்குகிறது என்பதற்கு அடையாளம். எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே கரி வழியும். அப்புறம் நல்ல நீரில் பலமுறை அலசுங்கள்.

வெளுப்புத் திரவத்தை இதில் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கடின நீரில் அலசினால் வெள்ளைப் படலம் படியும். அது கால்சியம் ஆக்ஸலேட், காய்ச்சி வடித்த நீரில் கடைசி அலசல் கொடுத்தால் வராது. வேலை முடிந்த கரைசலில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரை நிற்கும்வரை. 240 கிராம் அமிலத்துக்குச் சுமார் 320 கிராம் சோடா ஆகும்.

சிலர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பரிந்துரைப்பார்கள். அது கண்ணாடியையே தின்னும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். வேண்டவே வேண்டாம்.

கே: வானவில் போலப் பளபளக்கும் பூச்சுடன் ஒரு குமிழ் கிடைத்தது. அதையும் இப்படி ஊறவைக்கலாமா?

ப: அது ‘கார்னிவல்’ பூச்சு; சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்பு ஆவியைப் படியவைத்தது. மெல்லியது. மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும் மட்டும் போதும். எஃகுப் பஞ்சு பட்டால் பளபளப்பு கோடு கோடாகப் போய்விடும், திரும்பி வராது.

கே: ஒரு பழைய ரயில் பாதையில் கம்பங்கள் கைவிடப்பட்டு நிற்கின்றன. குமிழ்களை எடுத்துக்கொள்ளலாமா?

ப: கைவிடப்பட்டது போலத் தெரிந்தாலும் நிலமும் கம்பமும் பெரும்பாலும் ரயில் நிறுவனத்துக்கோ மின் நிறுவனத்துக்கோ சொந்தம். எழுத்தில் அனுமதி பெறாமல் உள்ளே போவது அத்துமீறல், எடுப்பது திருட்டு. ஓய்ந்தது போல நிற்கும் கம்பியிலும் பக்கத்து மின்தடத்திலிருந்து மின்னழுத்தம் ஏறியிருக்கலாம். மக்கிய கம்பம் ஆள் ஏறினால் ஒடியும். சந்தையில் வாங்குங்கள்.

கே: விலை சொல்லும்போது ‘சிறு பொரிவு மட்டும்’ என்கிறார்கள். எது பரவாயில்லை, எது கூடாது?

ப: குமிழைச் சாய்வான ஒளியில் சுழற்றுங்கள். விளிம்பில் எறும்பு கடித்தாற்போலச் சிறு பொரிவு இருந்தால், கம்பத்தில் நின்ற பொருளுக்கு அது இயல்பு. கண்ணாடிக்குள் பிறைநிலா போல மின்னும் வளைவு தெரிந்தால் அது அடிபட்ட விரிசல். மேற்பரப்பில் விரலுக்குத் தட்டுப்படாது, ஆனால் வளரும். உச்சியிலும் எழுத்தின் மேலும் உள்ள சேதம்தான் விலையை அதிகம் குறைக்கும், ஏனென்றால் அலமாரியில் பார்வைக்கு வருவது அந்தப் பக்கம். உட்பாவாடையில் ஒரு துண்டு போயிருந்தால் கவிழ்த்துப் பார்க்கும்வரை தெரியாது. எனவே கவிழ்த்துப் பாருங்கள். எழுத்து தலைகீழாகவோ தவறாகவோ செதுக்கியிருந்தால் அதைச் சேதமாக எண்ண வேண்டாம். அச்சு வெட்டியவரின் பிழை, அதற்கு விலை கூடுதலாகவே கிடைக்கும்.

வைக்கும்போது அடியில் ஃபெல்ட் துணி விரியுங்கள், ஒரு விரல் இடைவெளி விடுங்கள். பின்னாலிருந்து ஒளி வர வேண்டும் என்றால் எல்.இ.டி. விளக்கு வையுங்கள்; சூடேறும் பழைய விளக்கை நெருக்கமாக வைத்தால், விரிசல் உள்ள குமிழ் ஓர் இரவில் இரண்டாகும்.